மாத்திரை விழுங்காத மண்

"ஆறு மாசத்துக்கு முன்னாடிதானே பூச்சி மாத்திரை கொடுத்தோம், அதுக்குள்ள மறுபடியுமா?" குழந்தை மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேட்கும் தாயின் மனதில் இரண்டு சந்தேகம் ஓடும். மாத்திரை சரியில்லையோ? பிள்ளை மிட்டாயாகத் தின்று தீர்த்ததால் வந்ததோ? மாத்திரை நல்ல மாத்திரைதான். மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சர்க்கரையிலிருந்து எந்தப் பூச்சியும் பிறப்பதில்லை. மாத்திரையின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் குடற்புழு நீக்க நாள் வந்துபோனதும் செய்தித்தாளில் எத்தனை லட்சம் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற எண்ணிக்கை வரும். அந்தப் பிள்ளைகளின் மலத்தில் முட்டை எவ்வளவு குறைந்தது என்ற எண்ணிக்கை ஆய்வறிக்கைகளுக்குள் தங்கிவிடும், பள்ளிக்கூடம்வரை வராது. கொடுத்ததை எண்ணுகிறோம், போனதை எண்ணுவதில்லை. பல காலமாக எனக்கு உறுத்துவது இதுதான். மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் கட்சி இல்லை நான். கட்டாயம் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு வேலை முடிந்ததாக நினைப்பதில்தான் சங்கடம்.

நாக்குப்பூச்சி

"வயித்துல பூச்சி" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கு ஜந்துக்கள் இருக்கின்றன. ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பெடுக்க வைக்கும் வெள்ளை நூல் போன்றது கீரிப்பூச்சி. வெறுங்காலின் தோல் வழியே ஏறிக் குடலில் ரத்தம் குடிப்பது கொக்கிப்புழு. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் அதிகம் கண்டது இதைத்தான். பெருங்குடலில் தலையைச் செருகிக்கொண்டு கிடப்பது சாட்டைப்புழு. நான் இங்கே எழுதுவது நான்காவதைப் பற்றி. உருண்டைப்புழு, ஊர்ப்பேச்சில் நாக்குப்பூச்சி. சில மாவட்டங்களில் மண்புழுவுக்கும் நாக்குப்பூச்சி என்றே பெயர். உயிரினங்களுக்குப் பெயர்முறை வகுத்த லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த 'லும்ப்ரிக்காய்டஸ்' என்ற பெயரின் பொருளும் மண்புழு போன்றது என்பதுதான். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம், இதற்கு வளையமே கிடையாது. வழுவழுவென்று, வெளிறிய இளஞ்சிவப்பில், இரண்டு முனையும் கூராக இருக்கும். பெண்புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் நீளம், பென்சில் கனம். ஆண் சற்றுச் சிறியது, அதன் வால்நுனி சுருண்டிருக்கும்.

இது குடற்சுவரைக் கடித்துப் பிடித்திருப்பதில்லை. தசைவலுவால் குடலுக்குள் முட்டுக்கொடுத்து, உணவு போகும் ஓட்டத்தை எதிர்த்து நீந்தியே நிற்கிறது. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கினால் எல்லாம் வந்துவிடும் என்று நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். எதிர்நீச்சல் போடவே பிறந்ததை வெறும் ஓட்டத்தைக் கூட்டி வெளியேற்ற முடியாது. ஒரு புழுவின் ஆயுள் ஒன்று அல்லது இரண்டு ஆண்டு. அதுவரை ஒரு பெண்புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும். ஆண் கூட இல்லாத பெண்ணும் முட்டையிடும், ஆனால் அவை கருவுறாதவை, யாருக்கும் ஒன்றும் செய்யாது.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மலத்தோடு அப்போதுதான் வெளியே விழுந்த முட்டையை ஒருவர் விழுங்கினாலும் அவருக்குத் தொற்று வராது. முட்டைக்குள் அப்போது இருப்பது ஒற்றைச் செல். ஈரம், நிழல், காற்று, 25 முதல் 30 டிகிரி சூடு எல்லாம் சேர்ந்த மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்தால்தான் உள்ளே இளம்புழு உருவாகித் தொற்றும் பக்குவம் வரும். கோழி அடைகாக்கிற மாதிரி இங்கே மண் அடைகாக்கிறது. வாழைத்தோப்பு, கிணற்றடி, வீட்டின் பின்பக்கத்து ஈரநிழல் எல்லாம் அதற்கு நல்ல கூடு. கீரிப்பூச்சி வந்த பிள்ளையின் விரல்நகத்திலிருந்து அடுத்த பிள்ளைக்கு அன்றைக்கே ஒட்டிக்கொள்ளும். நாக்குப்பூச்சி அப்படி நேராகத் தாவாது, மண் வழியாகத்தான் வரும். வாய்வழியே நுழைவதால் செருப்பும் இதைத் தடுக்காது. செருப்புப் போடச் சொல்வது கொக்கிப்புழுவுக்கான அறிவுரை.

முட்டையின் ஓடோ அசாதாரணமானது. வெளிப்புறம் கரடுமுரடாகப் பசைபோல் இருக்கும், கீரைத்தண்டிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மெழுகுபோன்ற ஓர் அடுக்கு. உப்புக்கும் வினிகருக்கும் மஞ்சள்நீருக்கும் அது அசையாது. குடிநீரில் கலக்கும் அளவுக் குளோரினும் அதைக் கொல்லாது. மண்ணுக்குள் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்கு எமன் இரண்டுதான்: 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, சுள்ளென்ற வெயிலில் முழுக்கக் காய்ந்துபோவது.

இருமும் இரண்டு வாரம்

விழுங்கிய முட்டை சிறுகுடலில் பொரிந்ததும் இளம்புழு அங்கேயே தங்கி வளர்ந்திருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும். அது குடற்சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறுகிறது. கல்லீரல், இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கே பத்து, பதினான்கு நாள் வளர்ந்து, மூச்சுக்குழாயில் மேலேறித் தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டு, பழைய குடலுக்கே திரும்புகிறது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஷிமேசு கொய்னோ 1922இல் இதைத் தன் உடம்பிலேயே மெய்ப்பித்தார். பக்குவப்பட்ட 2,000 முட்டைகளை விழுங்கிவிட்டு நோயில் விழுந்த அவர், தன் சளியிலேயே இளம்புழுக்களைக் கண்டார். குடலில் தொடங்கிக் குடலிலேயே முடியும் பயணத்துக்கு இவ்வளவு சுற்று எதற்கு என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

நடைமுறையில் இதற்கு இரண்டு விளைவு. நுரையீரலில் புழு இருக்கும் நாள்களில் வறட்டு இருமலும் இளைப்பும் சில சமயம் காய்ச்சலும் வரலாம். எக்ஸ்ரேயில் இடம் மாறி இடம் மாறி நிழல் தெரியும், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு ஏறியிருக்கும். இதை 1932இல் எழுதிய சுவிட்சர்லாந்து மருத்துவர் லோஃப்ளரின் பெயரில்தான் அந்த நோய்நிலை அறியப்படுகிறது. அப்போது மலத்தைச் சோதித்தால் ஒரு முட்டைகூடக் கிடைக்காது, ஏனென்றால் முட்டையிடும் வயதுப் புழுவே இன்னும் இல்லை. முட்டை விழுங்கியதிலிருந்து புதுப்புழு முட்டையிட ஆரம்பிக்க இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். இரண்டாவது விளைவுதான் நம் தாயின் கேள்விக்குப் பதில். பூச்சி மாத்திரை குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். அன்றைக்கு நுரையீரலில் இருக்கும் இளம்புழுவை விட்டுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிப்ரவரி 10 அன்று ஒரு பிள்ளை மாத்திரை தின்கிறாள். குடல் சுத்தம். அன்று நுரையீரலில் இருந்த ஒரே ஒரு பெண்புழு தப்பித்துக்கொள்கிறது, அல்லது அடுத்த நாளே வாசல் மண்ணிலிருந்து புது முட்டை உள்ளே போகிறது. ஏப்ரலில் அது முட்டையிடத் தொடங்கும். ஆகஸ்ட் 10 மாத்திரைக்குள் நான்கு மாத அவகாசம். 120 நாள், நாளுக்கு 2 லட்சம், ஆக 2 கோடி 40 லட்சம் முட்டை. இது ஒரு புழுவின் கணக்கு.

கொரியாவின் அஞ்சலுறைகள்

மாத்திரைக்கும் மண்ணுக்கும் உள்ள இந்தக் கணக்கை ஒரு நாடே நடத்திப் பார்த்திருக்கிறது. 1963 அக்டோபரில் தென்கொரியாவின் ஜியோன்ஜு நகர மிஷன் மருத்துவமனைக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை வயிற்றுவலியோடு கொண்டுவந்தார்கள். குடல் அடைத்திருந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் பால் கிரேன் வயிற்றைத் திறந்து 1,063 நாக்குப்பூச்சிகளை எடுத்தார். சிறுமி பிழைக்கவில்லை. போரில் நொறுங்கி ஏழ்மையில் கிடந்த நாட்டுக்கு அந்த எண் அவமானமாக உறைத்தது. அடுத்த ஆண்டே ஒட்டுண்ணி ஒழிப்புக்கென்று ஒரு சங்கம் பிறந்தது, 1966இல் சட்டமே வந்தது. 1969இலிருந்து நாடெங்கும் பள்ளிப்பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இருமுறை மலப் பரிசோதனை.

அவர்கள் செய்ததில் நமக்கு முக்கியமானது இதுதான்: எல்லோருக்கும் மாத்திரையை நீட்டிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் எழுதிய காகித உறை கொடுத்தார்கள். வீட்டிலிருந்து துளி மலத்தை உறையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டு வந்து நாயின் மலத்தை அடைத்துக் கொடுத்துப் பிடிபட்ட கதைகளை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. நுண்ணோக்கியில் முட்டை தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு மருந்து. அடுத்த பருவத்தில் மறுபடி உறை, மறுபடி நுண்ணோக்கி. ஒவ்வொரு அரையாண்டிலும் எத்தனை பிள்ளைகளிடம் முட்டை மிச்சமிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

தெரிந்ததால்தான் முதலில் கவலையும் பட்டார்கள். நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பில், 1971இல், மக்களில் 54.9 விழுக்காட்டினரிடம் நாக்குப்பூச்சி முட்டை. ஐந்து ஆண்டுப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பிறகு, 1976இல், 41.0. எதிர்பார்த்த வேகம் இல்லை. மருந்து தின்ற பிள்ளை பழைய வீட்டுக்கே திரும்பினாள். மனித மலத்தைத் தொட்டியில் சேர்த்து வயலுக்கு எருவாகக் கொட்டுவது அங்கே பரம்பரை வழக்கம். அந்த வயலில் விளைந்த முட்டைக்கோசுதான் கிம்ச்சி என்ற ஊறுகாயானது, உப்பும் மிளகாயும் போட்டு ஊறவைப்பது ஓடு தடித்த இந்த முட்டையைக் கொல்லாது. உள்ளே போன மருந்தும் வெளியே கிடந்த எருவும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்றன.

அப்புறம் சரிந்தது. 1981இல் 13.0, 1986இல் 2.1, 1992இல் 0.3. பரிசோதனை நிற்கவில்லை, மருந்தும் நல்ல மருந்தாக மாறிவந்தது, அதெல்லாம் உண்மை. கூடவே மண்ணும் மாறிக்கொண்டிருந்தது. ரசாயன உரம் மலிந்ததும் மலத்தைச் சுமப்பவர் குறைந்தார்கள். 1970இல் தொடங்கிய சேமாவுல் கிராம இயக்கம் கழிப்பறையையும் குடிநீரையும் தொட்டது. மக்கள் கூட்டம்கூட்டமாக நகரத்துக்கு நகர்ந்தார்கள். இந்தச் சரிவில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை என்பது என் கட்சி. 54.9 என்பது 41.0 ஆனது பெரும்பாலும் மாத்திரையால். 41 என்பது ஒன்றுக்கும் கீழே போனது மாத்திரையும் மண்ணும் சேர்ந்ததால். 1995இல் பள்ளிப் பரிசோதனையை நிறுத்தியபோது ஆயிரம் பிள்ளைகளில் ஒருவரிடம்கூட நாக்குப்பூச்சி முட்டை தேறவில்லை. ரசாயன உரத்தைத் திட்டுவது இப்போது மோஸ்தர். இந்தப் புழுவின் வரலாற்றில் அதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு என்பதையும் பதிந்துவைக்கிறேன்.

மாத்திரையைச் சரியாகக் கொடுப்பது

இந்தியாவில் 2015 பிப்ரவரியில் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. 1 முதல் 19 வயதுவரை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், விடுபட்டவர்களுக்குச் சில நாள் கழித்து இன்னொரு நாள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் நீங்கலாக. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு அரை மாத்திரை, இரண்டுக்கு மேல் முழு மாத்திரை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துப் பொடியாக நசுக்கித் தண்ணீரில் குழைத்துத்தான் தர வேண்டும். பெரிய பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது புழுவைவிட ஆபத்து, மாத்திரை மூச்சுக்குழாயில் சிக்கிப் பிள்ளைகள் இறந்ததுண்டு. வெறும் வயிறு தேவையில்லை, பேதி மருந்தும் தேவையில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம், குணமானபின் கொடுக்கலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கூடாது.

நாக்குப்பூச்சிக்கு இந்த ஒற்றை மாத்திரை நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணம் தரும். கொக்கிப்புழுவுக்குச் சற்றுக் குறைவு, சாட்டைப்புழுவுக்கு மிகவும் குறைவு. மருந்து புழுவின் செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைத்துவிடும், அதனால் புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகும். பட்டினிச் சாவுக்கு நாள் பிடிக்கும் என்பதால் மறுநாள் காலை மலத்தில் ஒன்றும் காணோமே என்று இன்னொரு மாத்திரை தர வேண்டாம். சில நாள் கழித்து வரலாம், கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வயிற்றில் நிறையப் புழு இருக்கும் பிள்ளைக்குத்தான் அன்று வயிற்றுவலி, குமட்டல் அதிகம் வரும். செய்தியில் 'மாத்திரை தின்ற மாணவர்கள் மயக்கம்' என்று வருவதில் ஒரு பகுதி இது, மீதி பயம்.

ஒரு நிலையில் மட்டும் வீட்டில் மாத்திரையைத் தொடவே கூடாது. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் போகாமல், வயிற்றைத் தொட்டால் கயிற்றுமுடிச்சு போல உருண்டை தட்டுப்பட்டால் புழுக்கள் கும்பலாகச் சேர்ந்து குடலை அடைத்திருக்கக் கூடும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் குறுகலான இடம்தான் இதற்கு வாகு. அப்போது மருந்து கொடுத்தால் துவண்ட புழுக்கள் மொத்தமாக அந்தக் குறுகலில் போய் அடைத்துக்கொள்ளும். மருத்துவமனையில் வாய்வழியே எதுவும் தராமல், மூக்குவழி குழாய் போட்டு வயிற்றை வடித்து, நரம்பில் சலைன் ஏற்றிக் காத்திருப்பார்கள். பாதி அடைப்பென்றால் பெரும்பாலும் முடிச்சு தானாக அவிழும், மருந்து அதற்கப்புறம். அடங்காவிட்டால்தான் கத்தி. இன்னொரு தொல்லை, புழுவுக்குச் சந்துபொந்துகளில் நுழையும் பழக்கம் உண்டு. கடும் காய்ச்சலில் வாய்வழியே, மூக்குவழியே வருவது அதனால்தான். பித்தக்குழாயில் நுழைந்தால் துடிக்கவைக்கும் வலி. ஸ்ரீநகரில் குரூ என்ற மருத்துவர் தலைமையிலான குழு இப்படிப் பித்தக்குழாயிலும் கணையக்குழாயிலும் புழு நுழைந்த 500 நோயாளிகளைப் பற்றி 1990இல் எழுதியது.

முகத்தில் வெள்ளைத் தேமல் வந்தால் பூச்சி என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. அது பெரும்பாலும் வறண்ட தோலில் வரும் திட்டு, பூச்சிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சந்தேகம் தீர மலத்தைச் சோதிப்பதுதான் வழி. கேட்டோ கட்ஸ் என்ற முறையில் 41.7 மில்லிகிராம் மலத்தைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி முட்டையை எண்ணி, 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு வரும். 5,000க்குக் கீழே என்றால் லேசான தொற்று, 50,000 எட்டினால் கடுமையானது. ஓர் ஊரில் எல்லோரிடமும் புழு சமமாக இருக்காது. கொஞ்சம் பேரிடம்தான் பெரும்பகுதி புழுவும் இருக்கும், அதுவும் பிள்ளைகளிடம்தான் அதிகம். மாத்திரை நாளன்று பள்ளிக்கு வராத பிள்ளை அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவனாக இருந்தால் ஊர்க்கணக்கு அவனோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

கொல்லைப்புறம்

"பச்சப்புள்ள பீ தானே" என்று தவழும் குழந்தையின் மலத்தைக் கொல்லையில் வீசுவது இன்னும் நிற்கவில்லை. இந்தப் புழு விஷயத்தில் நமக்கு அதுதான் முதல் எதிரி. பெரியவரிடம் ஒன்றிரண்டு புழு இருந்தால் மண் தின்னும் வயதுப் பிள்ளையிடம் பத்து இருக்கும். குழந்தையின் மலமும் கழிப்பறைக்குள்தான் போக வேண்டும், துணியை அலசிய தண்ணீர் உட்பட. பச்சையாகத் தின்னும் காயை உப்புநீரில் ஊறப்போடுவதைவிட ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவித் தோல் சீவுவது மேல். முட்டையைக் கொல்ல முடியாது, உரித்துத் தள்ளத்தான் முடியும். கீரையைக் கொதிக்கவிட்டால் கவலை இல்லை. கிணற்று நீரைக் காய்ச்சலாம், அல்லது தெளியவிட்டு வடிகட்டலாம். முட்டை தண்ணீரைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும்.

அடியில் தங்கும் அந்தக் குணமே செப்டிக் டேங்கில் ஆபத்தாகிறது. மேலே வழியும் தண்ணீரில் முட்டை குறைவு, அடிச்சேற்றில் வருடக்கணக்கான முட்டை திரண்டு கிடக்கும். லாரிக்காரர் அந்தச் சேற்றை உறிஞ்சி ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலிலோ தென்னந்தோப்பிலோ கொட்டினால், நாம் கட்டிய கழிப்பறை முட்டையைச் சேமித்து மொத்தமாக அனுப்பிவைக்கும் கிடங்காகிவிடும். கருங்குழி போன்ற சில பேரூராட்சிகளில் கழிவுச் சேற்றைப் பாத்தியில் பரப்பிக் காயவைக்கும் நிலையங்கள் வந்திருக்கின்றன. மாத்திரை நாளுக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் கால்வாசி இவற்றுக்கும் கிடைக்கலாம். பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இலேயே சொன்னது இந்தப் புழுவின் வகையறாவை மனதில் வைத்துத்தான்.

இரட்டைக்குழிக் கழிப்பறை கட்டியிருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை மண் போட்டு மூடிவிடலாம். நம் வெயிலுக்கு ஒரு வருடம் கட்டாயம், அடியில் ஈரம் நிற்கும் தாழ்ந்த இடமென்றால் இரண்டு வருடம் தொடாமல் விட வேண்டும். அதன்பின் அள்ளினால் வாடையில்லாத கறுப்பு மண்தான் இருக்கும். மூன்றாம் மாதமே தென்னைக்கு எரு வேண்டுமென்று திறந்தால் கொரியாக்காரனின் பழைய வயல்தான். குழியை மூடிய தேதியைக் கழிப்பறைச் சுவரிலேயே கரியால் எழுதிவைப்பது நல்லது. அடுத்த வருடம் யாருக்கும் நினைவிருக்காது.